குண்டனில் பாதி அக்காவுடையது

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமா என்று முகம் சுளிக்காதே. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தி வைத்துவிடுகிறாள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இல்லை, முதலில் ராங்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏழு மாதம் முடிந்துவிட்டது. கீழே இரண்டு பல். பெயர் வைத்தும் யாரும் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை, அவள் பண்ணுகிற அதிகாரத்துக்கு ராங்கிதான் பொருத்தம் என்று இவர் சொல்லிவிட்டார். நீ அனுப்பிய ரப்பர் மீனை வாயிலிருந்து எடுப்பதே இல்லை. அமுக்கினால் அது போடுகிற கீச்சு இருக்கிறதே, ஊசி வைத்துக் காதில் குத்துகிற மாதிரி. பழிவாங்கத்தான் அனுப்பினாய் என்று இவர் சொல்கிறார். நான் நம்பவில்லை. பாதி நம்புகிறேன்.

விஷயம் இதுதான். ராங்கி பிறந்த பிறகு நான் கிட்டாரைத் தொட்டது மூன்று முறை. மூன்றே மூன்று. நம் குண்டன் கூடத்து மூலையில்தான் இருக்கிறான். கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற இருபத்திரண்டு கிலோ ஆம்ப், தலையில் மடித்த துணிகள், பவுடர் டப்பா, தெர்மாமீட்டர். உனக்கே தெரியும், சத்தக் குமிழை ஒன்றில் வைத்தால் சளி பிடித்தவன் மாதிரி பேசுவான். நாலுக்கு ஏற்றினால்தான் உள்ளே அந்தக் கண்ணாடி வால்வுகள் சூடாகி, குரல் வரும். நாலுக்கு ஏற்றினால் சமையலறைப் பாத்திரங்கள் தாளம் போடுகின்றன. கீழ் வீட்டு நர்ஸம்மாவுக்கு இரவு டூட்டி, பகல் முழுக்கத் தூங்குகிறார். அவர் கிளம்புகிற நேரம் ராங்கி தூங்குகிற நேரம். நடுவில் இருபது நிமிடம் இருக்கிறது. அந்த இருபது நிமிடத்தில் நான் சமைக்க வேண்டும்.

போன வாரம் பால் பவுடர் வாங்கப் போனவள் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். நாம் கிட்டார் கம்பி வாங்குவோமே, அதே கடைதான். அங்கே ஒரு டிஜிட்டல் ஆம்ப் மாடலர். செங்கல் அளவு பெட்டி. ஐம்பது ஆம்ப்புகளின் குரலை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறதாம். கிட்டாரைச் செருகி, இன்னார் மாதிரி பேசு என்றால் அப்படியே பேசும். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்காது. கடைக்காரர், "எடுத்துட்டுப் போங்கம்மா, ஒரு மாசம் வச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா திருப்பிக் கொடுங்க. பிடிச்சா உங்க குண்டன எங்கிட்ட தள்ளிவிட்டுடுங்க" என்றார்.

எனக்கு அங்கேயே தலை சுற்றிவிட்டது. ஹெட்போன் மாட்டாவிட்டால் ராங்கி எழுந்து அழுவாள். மாட்டினால் அவள் அழுவது எனக்குக் கேட்காது. அப்போ எதற்கு வாங்க வேண்டும்? வாங்காவிட்டால் நான் இனி வாசிக்கவே மாட்டேனோ என்று பயமாக இருக்கிறது. நேற்று விரல் நுனியைத் தடவிப் பார்த்தேன். காய்ப்பு போய்விட்டது, மெத்தென்று இருக்கிறது, வேறு யாருடைய விரலையோ தொட்ட மாதிரி.

குண்டனில் பாதி உன்னுடையது. என் பாதியை மட்டும் அறுத்து விற்க முடியாது. அதனால் கேட்கிறேன். விற்கலாமா?

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. ஆனால் வேண்டாம் என்று எழுதாதே.

தங்கை


பிப்ரவரி 11

தங்கச்சிக்கு,

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். விஷயம் மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது.

விற்கக் கூடாது.

அந்தச் செங்கல்லைப் பற்றி எனக்கும் தெரியும். மிமிக்ரி செய்கிறவரை ஒரு மணி நேரம் ரசிக்கலாம். வீட்டில் கூட்டி வந்து குடும்பம் நடத்த முடியாது. குண்டனைத் தூக்கிக்கொண்டு ஒன்பது வருஷம் மூன்றாம் மாடி ஏறி இறங்கினோம். அவனைப் பவுடர் டப்பா வைக்கிற மேஜையாக்கினாய், சரி. இப்போது தள்ளிவிடப் பார்க்கிறாய். நாம் சேர்ந்து வாசித்ததற்குக் கையில் மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். அதையும் முடித்துவிட வேண்டுமென்றால் நேராகச் சொல்லிவிடு. பெட்டி, ஹெட்போன் என்று சுற்றி வளைக்காதே.

மீன் கத்துகிறதா? கடையில் அழுத்தி அழுத்திப் பார்த்துத்தான் எடுத்தேன். புஸ் என்று காற்றுதான் வந்தது. மற்றதெல்லாம் சத்தம் போடுகிறது, இதுதான் சாது என்று உனக்காகத் தேடி எடுத்தேன். உங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் மிகை.

எனக்கும் இங்கே கிளினிக்கில் ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டு. காது பரிசோதிக்கிற மெஷின். தினமும் முதல் ஆள் வருவதற்கு முன்னால் நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுரமாகக் கேட்டுப் பார்ப்பேன். மூன்று மாதமாக இடது பக்கம் உச்சச் சுரங்கள் வருவதே இல்லை, வலதும் மந்தம். சர்வீஸ்காரர் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார். எப்படி இருக்கும்? திரும்ப அனுப்பியிருக்கிறேன்.

உனக்கு ஒரு பரீட்சை வைக்கிறேன். நம் 'மூன்றாம் மாடி' பாட்டை ஒரு முறை குண்டனிலும் ஒரு முறை செங்கல்லிலும் வாசித்துப் பதிவு பண்ணு. எது எது என்று சொல்லாதே. போனில் அனுப்பினால் ஒலியைப் பிழிந்து சக்கையாக்கிவிடும், மெமரி கார்டில் போட்டு அனுப்பு. எனக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் விற்றுக்கொள். தெரிந்தால் இந்தப் பேச்சை இத்துடன் விடு.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கார்டை உள்ளே ஒட்டியிருக்கிறேன், பார்த்துப் பிரி.

பெட்டியைப் பதினாறாம் தேதி எடுத்து வந்தேன். கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்தது, ஓரத்தில் ஒரு கீறல். முதல் இரண்டு நாள் அதைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் ராங்கி தூங்கியதும் ஹெட்போன் மாட்டி எல்லாக் கம்பியையும் சேர்த்து ஒரு முறை மீட்டினேன். அக்கா, உன்னிடம் பொய் சொல்லக் கூடாது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய சத்தம், அந்தச் சின்ன அறையில், யாருக்கும் தெரியாமல். ஒரு நிமிடம்தான். உடனே கழற்றினேன், ராங்கி அழுகிறாளோ என்று. அழவில்லை. மறுபடி மாட்டினேன். மறுபடி கழற்றினேன். இப்படிப் பதினைந்து நிமிடத்தில் வாசித்தது நாலு நிமிடம் இருக்கும். "நீ வாசிக்கிறியா, தொப்பி போட்டுப் பாக்குறியா?" என்று இவர் கேட்டார்.

பதிவை ஞாயிறு காலையில் செய்தோம். நர்ஸம்மா அன்றைக்குப் பகல் டூட்டிக்கு மாற்றிக்கொண்டு போயிருந்தார். இவர் வேலை பார்க்கிற அச்சகத்துக்கு லீவு, ராங்கியைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குண்டனுக்கு முன்னால் கடன் வாங்கிய மைக் ஒன்று. பெட்டிக்கு மைக் வேண்டாம், கம்பி வழியாக நேரே கணினிக்குள் போய்விடுகிறது. ஒன்பது வருஷம் வாசித்த பாட்டு, நடுவில் அந்த நாலு எண்ணிக்கை மௌனம் வருமே, அதில் உன்னைத் தேடினேன். நீ அங்கே தலையை ஆட்டி எண்ணுவாய். இப்போது யார் எண்ணுவது என்று தெரியாமல் நானே உதட்டால் எண்ணிக்கொண்டேன்.

ஒன்று, இரண்டு என்று பெயர் வைத்திருக்கிறேன். எது எது என்று சொல்ல மாட்டேன்.

"உங்க அக்காவுக்கு ரெண்டையும் அனுப்பு, மூணாவது எங்கேன்னு கேப்பாங்க" என்கிறார் இவர். கோபித்துக்கொள்ளாதே, அவருக்கு உன்மேல் மரியாதை உண்டு. பயமும் உண்டு.

நீ எழுதினாயே, முடித்துவிட வேண்டுமென்றால் நேராகச் சொல் என்று. முடிக்க வேண்டும் என்று நான் எப்போது சொன்னேன்? பாதியில் எழுந்து போனது நீதானே. இதை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். இருக்கட்டும்.

தங்கை


மார்ச் 2

தங்கச்சிக்கு,

நாலு முறை கேட்டேன்.

இரண்டுதான் குண்டன். ஒன்று உன் செங்கல். சந்தேகமே இல்லை. ஒன்றில் மேலே ஒரு பளபளப்பும் இல்லை, கம்பளி போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. இரண்டாவதிலும் கம்பளிதான், ஆனால் கொஞ்சம் மெல்லிய கம்பளி. மைக்கைத் தள்ளி வைத்திருப்பாய். பதிவு சுத்தம், அதைப் பாராட்ட வேண்டும். இரண்டு பதிவிலும் ஒரு தூசு சத்தம் இல்லை. அந்த நாலு எண்ணிக்கை மௌனம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. குழந்தை இருக்கிற வீட்டில் எடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆக, விற்பனை ரத்து.

பாதியில் எழுந்து போனது நான்தான். ஏன் போனேன் என்று நீ இன்றுவரை கேட்கவில்லை. நாம் கடைசியாக வாசித்த அந்த நூலகக் கூடத்தில் மூன்று முறை உன்னிடம் சொன்னேன், ட்ரெபிளை, அந்த உச்சச் சுரக் குமிழை, ஏற்று, மங்கலாக இருக்கிறது என்று. நீ கேட்காத மாதிரி இருந்தாய். நாலாவது முறை குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, மைக்கிலேயே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "போதுமா?" என்றாய். முன்வரிசையில் இரண்டு குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன, பார்த்தேன். கூட்டம் சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. வெளியில் வந்து நான் உன்னிடம் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். அஞ்சு மாதக் கர்ப்பிணியிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது, அது மட்டும் தப்பு. ஆனால் சத்தத்தைப் பற்றி நான் சொன்னது தப்பில்லை. நீ கடைசிவரை திருகிய பிறகும் எனக்குப் பத்தவில்லை.

மெஷின் இரண்டாம் முறையும் திரும்பி வந்துவிட்டது. "மேடம், இதுல ஒரு குறையும் இல்ல" என்று சர்வீஸ்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உனக்குக் காது இருக்கிறதா என்று கத்திவிட்டேன். பாவம், வயசானவர்.

ஹெட்போனை ஒரு காதில் மாட்டு, இன்னொரு காதை வெளியே விடு. குழந்தை அழுதால் கேட்கும். தினமும் காதை மாற்று, இன்றைக்கு இடது என்றால் நாளைக்கு வலது. இது தொழில்முறை ஆலோசனை. பெட்டியை வாங்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நீ படித்துவிட்டுக் கிழித்தாலும் பரவாயில்லை, படித்துவிட்டுக் கிழி.

முதலில் ஒரு அசட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். எது குண்டன், எது பெட்டி என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தச் சீட்டை ராங்கி தின்றுவிட்டாள். நிஜமாக. வாய்க்குள் விரலை விட்டு எடுத்தபோது 'ன்று' மட்டும் மிச்சம் இருந்தது. அது 'ஒன்று' என்பதன் வால்தான், ஆனால் அதற்கு நேரே குண்டன் என்று எழுதினேனா பெட்டி என்று எழுதினேனா, ஞாபகமில்லை. ஆக, நீ இரண்டுதான் குண்டன் என்று அடித்துச் சொன்னபோது, ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று எனக்கே தெரியவில்லை. பரீட்சை வைத்தவள் நீ. எழுதியவள் நான். விடைத்தாளைத் தின்றவள் அவள்.

அதனால் உட்கார்ந்து நானே கேட்டேன். நீ சொன்னபடி ஒரு காதில் மாட்டி, ஒரு காதை விட்டு. ஒன்றைப் போட்டேன். அந்த நாலு எண்ணிக்கை மௌனம் வந்தது. மூன்றாவது எண்ணிக்கையில் ஒரு கீச்சு.

மீன்தான், அக்கா. சமையலறையில் இவர் மடியில் உட்கார்ந்து ராங்கி மீனை அமுக்கியிருக்கிறாள். கதவு சாத்தியிருந்தும் அது புகுந்து வந்து மைக்கில் விழுந்திருக்கிறது. நாலாவது எண்ணிக்கையில் இன்னொன்று. மெல்லிசுதான், ஆனால் தெளிவாக. இரண்டைப் போட்டேன். அதில் இல்லை. பெட்டியில் இருந்து கம்பி வழியாக நேரே போனது, அதில் வீடே இல்லை. மீன் இருப்பதால் ஒன்றுதான் குண்டன்.

நீ தப்பாகச் சொன்னாய் என்று சந்தோஷப்பட்டேன். அரை நிமிடம். அப்புறம் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு தூசு சத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நாலு முறை கேட்டவள்.

நான் இவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "மீன் கத்துது"ன்னார். சந்தேகமே படாமல். கீழ் வீட்டு நர்ஸம்மாவைக் கேட்கச் சொன்னேன். "ரெண்டு தரம் கீச்சுங்குது, குழந்தை பொம்மையா?"ன்னார்.

அக்கா, கடையில் அந்த மீனை நீ அழுத்தி அழுத்திப் பார்த்தாய்.

இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு உன் வேலை தெரியாது. நீ படித்தவள், தினமும் பத்துப் பேர் காதைப் பார்க்கிறவள். நான் என்னவோ உளறுகிறேன் என்று வைத்துக்கொள். ஆனால் அந்த மெஷின் இரண்டு முறை போய் வந்துவிட்டது. அந்தப் பெரியவர் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக்குக் காலையில் ஒரே ஒரு தடவை, ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாரேன். இடது பக்கத்தை வலது காதில், வலது பக்கத்தை இடது காதில். குறை ஹெட்போனில் இருந்தால் அதுவும் பக்கம் மாறும் இல்லையா? நான் யோசித்தது சரியா என்றுகூடத் தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியது.

கடைக்காரர் போன் பண்ணுகிறார், வாங்குகிறேனா இல்லையா என்று. வாங்கினால் குண்டன் போய்விடுவான், அவன் பதிவில்தான் மீன் இருக்கிறது. வாங்காவிட்டால் நான் வாசிக்க முடியாது. எதைக் கேட்டுத் தொடங்கினேன், இப்போது எதைக் கேட்கிறேன், ஒன்றும் புரியவில்லை. பதினாறாம் தேதி கெடு. மூன்று வாரம் கூடக் கொடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.

கோபம் வந்தால் போன் பண்ணு. இரண்டு நிமிடம் கத்து. வைத்துவிடு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தங்கை


மார்ச் 14

என் தொழிலை எனக்குச் சொல்லித் தராதே. ஹெட்போனைத் திருப்பி மாட்டுவது முதல் நாள் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற பாடம். பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியதாம். பரீட்சையில் நீ ஏமாற்றியிருக்கிறாய், தோற்றுப்போனதும்

ஏப்ரல் 1

மேலே உள்ளதை எழுதிவிட்டு நிறுத்தினேன். கிழிக்கவில்லை. நீயும் பார்.

திருப்பி மாட்டுவது முதல் நாள் பாடம். நாலு மாதமாக நான் அதைச் செய்யவில்லை. தோன்றாமல் இல்லை. தினமும் காலையில் தோன்றும். தோன்றியதும் சர்வீஸ்காரருக்குப் போன் பண்ணுவேன்.

பதினைந்தாம் தேதி காலையில் செய்தேன். ஹெட்போனின் இடது பக்கத்தை வலது காதில் வைத்தேன். கேட்டது. வலது பக்கத்தை இடது காதில் வைத்தேன். ஒன்றும் இல்லை.

அப்புறம் என்னோடு வேலை பார்க்கிற சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, எனக்குப் பரிசோதனை செய் என்றேன். விளையாட்டு என்று நினைத்தாள். ஒலி புகாத அறைக்குள் நான் போய் உட்கார்ந்தேன். பதினொரு வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. கையில் பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அழுத்துங்கக்கா" என்றாள், நான் ஆயிரம் பேருக்குச் சொன்னது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை தெரிந்தது. கை அசைகிறது, எனக்கு ஒன்றும் வரவில்லை. கை அசைகிறது, ஒன்றும் வரவில்லை. அவள் கையைப் பார்த்து நான் பொத்தானை அழுத்தினேன்டீ. இரண்டு முறை. மூன்றாவது முறை அவள் எழுந்து உள்ளே வந்தாள். நாற்காலியோடு என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஞாபகம் வந்தது, நூலகக் கூடத்து வாசலில் உன்னிடம் நான் சொன்னது. உனக்குக் காதே இல்லடீ என்றேன்.

இடது காதில் உச்சச் சுரங்கள் போய்விட்டன. வலதில் பாதி. பேச்சு கேட்கும், பாட்டு கேட்கும், மீன் கேட்காது. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். டாக்டர் சொல்ல வேண்டியதில்லை, நான் தினமும் சொல்கிற வாக்கியம்தான். ஒன்பது வருஷம் குண்டனுக்கு ஒரு கை தூரத்தில், இடது காதை அவனுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றேன். நீ அவனுக்குப் பின்னால் நின்றதால் தப்பித்தாய். உன் காதையும் பார்த்துக்கொள், எதற்கும்.

சர்வீஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், மெஷின் நல்லா இருக்குன்னு நீங்க ஒத்துக்கிட்டதே போதும்" என்றார்.

இப்போது கேட்டுக்கொள். அந்தப் பெட்டியை வாங்கு. ராங்கி இருக்கிற வீட்டில் குண்டனை நாலுக்கு ஏற்றக் கூடாது. நாலுக்கு மட்டும் இல்லை, எதற்கும். அவளுடைய காது புதுசு. குண்டனை விற்றுவிடு, என் பாதியும் உனக்கே. ஹெட்போனிலும் பாதி அளவுக்கு மேல் போகாதே.

எது நல்ல சத்தம் என்று சொல்லுகிற யோக்கியதை இனி எனக்கு இல்லை. என் பேஸ் கிட்டாரைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். கம்பியெல்லாம் துரு. நீயாவது வாசி.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவர் இல்லாத நேரத்தில் படித்தேன். அப்புறம் இவர் வந்ததும் அவரைப் படிக்கச் சொன்னேன். அவர் போய் மீனைத் தேடி எடுத்து அலமாரி மேல் வைத்தார். ராங்கி அலறினாள். திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிய அந்தப் பெண்ணுக்கு என் அன்பைச் சொல்.

பெட்டியை வாங்கிவிட்டேன். சரியாகச் செய்தேனா என்று இன்னும் தெரியவில்லை. பணம் கட்டிய அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. அதில் 'அறை' என்று ஒரு குமிழ்கூட இருக்கிறது, திருப்பினால் அறைக்குள் வாசிக்கிற எதிரொலி வருகிறது. மீன் வரவில்லை. ஆனால் தினமும் முக்கால் மணி நேரம் வாசிக்கிறேன். திங்கள் இடது காது, செவ்வாய் வலது காது. பாதி அளவுக்கு மேல் போகவில்லை, சத்தியம். விரலில் காய்ப்பு வந்துவிட்டது.

நீ சொன்னதில் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. குண்டனை விற்கவில்லை. கடைக்காரரிடம் போய் நின்று, குண்டனுக்குப் பதில், காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற என் பழைய பெடல்கள் நாலையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவை செய்கிற வேலையெல்லாம் பெட்டியே செய்துவிடுகிறதே என்றேன். "அந்தக் குண்டன வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்றார். பதில் தெரியவில்லை. தெரியாமலேயே வந்துவிட்டேன்.

பதில் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. குண்டனின் வால்வுகளைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன், பவுடர் டப்பாவையும் எடுத்துவிட்டேன். அவன் இப்போது வெறும் பெட்டி. ராங்கி தவழ்ந்து போய் அவன் முன்பக்கத்துத் துணியைப் பிடித்தாள். அப்புறம் மேல் விளிம்பை. நாற்காலியைப் பிடித்தால் சாய்கிறது, மேஜை வழுக்குகிறது. இருபத்திரண்டு கிலோ அசையவில்லை. எழுந்து நின்றுவிட்டாள், அக்கா. முதல் தடவை. நின்றுகொண்டு குமிழ்களைத் திருகுகிறாள், வாயில் மீன். உன் பாதியைப் பிடித்தாளா என் பாதியைப் பிடித்தாளா என்று இவர் கேட்கிறார்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. நூலகக் கூடத்தில் நீ மங்கல் மங்கல் என்று சொன்னபோது, என்னை மட்டம் தட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். உனக்கு நிஜமாகவே மங்கலாக இருந்திருக்கும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. நான் போதுமா என்று கேட்டது உன்னைச் சிரிக்க வைக்க இல்லை, உன்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க. அதை ஒரு வருஷமாக வேறு மாதிரி எனக்கே சொல்லிக்கொண்டு இருந்தேன்.

யோக்கியதை இல்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது வேண்டாம். அந்த நாலு எண்ணிக்கை மௌனத்தில் தலையை ஆட்ட ஆள் வேண்டும். நானே எண்ணினால் மூன்றில் நுழைந்துவிடுகிறேன், ஒவ்வொரு தடவையும்.

கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். இரண்டு பேர் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டி, அவரவருக்கு வேண்டியபடி சத்தத்தை வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி தனியாக உண்டாம். உன் பக்கத்துக்கு உன் ட்ரெபிள், அதை நீ எவ்வளவு திருகினாலும் எனக்குக் கேட்காது, எந்தக் குழந்தையும் காதைப் பொத்தாது. அளவை மட்டும் நீயே பார்த்துக்கொள், உனக்குத்தான் தெரியும் எவ்வளவு ஏற்றலாம் என்று.

பேஸ் கம்பி ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய கம்பியோடு வா, இங்கே மாற்றிக்கொள்ளலாம். ஞாயிறு என்றால் இவர் ராங்கியைப் பார்த்துக்கொள்வார். உன் நாற்காலியை எனக்கு எதிரில் போடுகிறேன், என் கை உனக்குத் தெரிகிற மாதிரி. தாராளமாகப் பார்த்து வாசி.

தொடங்குவதற்கு முன் நான் போதுமா என்று கேட்பேன். மைக் இல்லாமல். நீ குமிழைத் திருகி, கேட்டுப் பார்த்து, பதில் சொல்லும்வரை நான் கம்பியைத் தொட மாட்டேன்.

தங்கை